பேர் சொல்லாத கட்டளை

ஒரு கம்பெனியை இழுத்து மூட வேண்டுமென்றால் வக்கீல், ஆடிட்டர், வங்கி மேலாளர் என்று ஒரு பட்டாளமே வேண்டியிருக்கும். கரூரில் துண்டும் போர்வையும் ஏற்றுமதி செய்யும் 'சென்னியப்பன் ஹோம் டெக்ஸ்' கம்பெனியை மூடுவதற்கு ஒரே ஒரு பெருமூச்சு போதுமானதாக இருந்தது. பெருமூச்சு விட்டவர் முதலாளி. அதைக் காதில் வாங்கிக் காரியத்தை முடித்தது நாங்கள் விற்ற மென்பொருள்.

செய்தி சொன்னவள் அங்கே கணக்கு எழுதும் சுகந்தி. போனிலேயே அவளுக்கு மூச்சு வாங்கியது.

"அக்கா, தறி எல்லாம் தானா நின்னு போச்சுங்க. வெளிநாட்டுக்காரங்க எல்லாத்துக்கும் தானா மெயில் போயிருச்சுங்க. ஐயாவுக்குக் காசிக்கு டிக்கெட் வந்திருக்குதுங்க."

யார் போட்டது என்று கேட்டேன்.

"யாருமே போடலீங்க. அதுதானுங்க பயமா இருக்குது."

நானும் ஆரோக்கியராஜும் கோயம்புத்தூர் பீளமேட்டில் ஒரு மாடி அறையில் கம்பெனி நடத்துகிறோம். அவன் எழுதுவான், நான் விற்பேன். அவன் எழுதியதற்கு நான் திட்டு வாங்குவேன். எங்களிடம் இருக்கும் ஒரே சரக்கு 'தூது'. அது வருவதற்கு முன்னால் கம்ப்யூட்டர் முன்பு உட்கார்ந்திருக்கிற மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார்? மெயில் செயலியில் வந்ததை நகலெடுத்துக் கணக்குச் செயலியில் ஒட்டினார். கணக்கு சொன்னதைப் படித்து ஏற்றுமதிச் செயலியில் தட்டினார். பட்டம் வாங்கிவிட்டு ஒரு ஜன்னலுக்கும் இன்னொரு ஜன்னலுக்கும் நடுவே தபால்காரர் வேலை. தூது அந்த வேலையை எடுத்துக்கொண்டது. நீங்கள் அறையில் உட்கார்ந்து பேசினால் போதும். அது கேட்டு, புரிந்துகொண்டு, ஓடிக்கொண்டிருக்கிற செயலிக்குக் கட்டளையாகக் கொடுக்கும். அந்தச் செயலி அடுத்ததை ஏவும், அது இன்னொன்றை ஏவும். 'ஆர்டரை அனுப்பு' என்று சொல்லிவிட்டு நீங்கள் காப்பி குடிக்கப் போகலாம். விற்கும்போது நான் இதைத்தான் சொல்வேன்.

நானும் ஆரோக்கியராஜும் உடனே காரில் கரூருக்குக் கிளம்பினோம். காங்கேயத்தில்தான் எனக்கு அந்தக் கேள்வி தோன்றியது.

"ஒருத்தர் யாருக்குன்னு பேரே சொல்லாம ஒரு வேலையைச் சொன்னா தூது என்ன பண்ணும்?"

"ஓடிக்கிட்டு இருக்கிற எல்லாச் செயலிக்கும் அனுப்பிடும். எதால முடியுதோ அது செய்யும். முடியாதது முடியாதுன்னு சொல்லிடும்," என்றான், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஏன் அப்படி எழுதின?"

"பேர் சொல்லாம யார் வேலை சொல்லுவாங்க, மைதிலி? சென்னையிலயும் பெங்களூர்லயும் சோதிச்சப்ப ஒருத்தர் விடாம பேர் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. மெயில், இதை அனுப்பு. கணக்கு, அதைக் கூட்டு. அப்படித்தான்."

ஆரோக்கியராஜுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதை ஒரு தொழில்முறைக் குறையாக நான் அதுவரை நினைத்ததில்லை.

கம்பெனி வாசலில் இறங்கியபோது அலுவலகம் காலியாக இருந்தது. ஊழியர்கள் மொத்தமும் எதிர் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார்கள். டீக்கடைக்காரர் புதிதாக இரண்டு பெஞ்சு போட்டிருந்தார். சுகந்தி ஓடி வந்தாள். உள்ளே யாரும் வாயைத் திறப்பதில்லை என்றும், புலம்ப வேண்டுமென்றால் ரோட்டைத் தாண்டி இங்கே வந்து புலம்பிவிட்டுத்தான் போகிறார்கள் என்றும் சொன்னாள். போன வாரம் பேக்கிங் பிரிவில் ஒருவர், ஒரு நாள் எல்லாரும் லீவு போட்டுத் தூங்கினால் எப்படி இருக்கும் என்று சும்மா சொல்லியிருக்கிறார். அடுத்த நிமிடம் எல்லாருக்கும் லீவு பதிவாகிவிட்டது. அதற்குப் பிறகு உள்ளே தும்முவதற்கே யோசிக்கிறார்கள்.

உள்ளே அறையில் இரண்டே பேர் இருந்தார்கள். கிழக்குச் சுவரோரம் ஒரு மேஜை, அதில் சென்னியப்பன். வழுக்கையும் வெள்ளைச் சட்டையுமாக, அறுபதை நெருங்குகிற மனிதர். டிசைனும் தறியும் அவர் பொறுப்பு. மேற்குச் சுவரோரம் இன்னொரு மேஜை, அதில் அவர் மனைவி மரகதம். ஆர்டர், கணக்கு, ஏற்றுமதி எல்லாம் அந்த அம்மா கையில். இருவருக்கும் நடுவே, இரண்டு பக்கமும் சமதூரத்தில், ஒரு முக்காலி காலியாகக் கிடந்தது.

"அது பொங்கியண்ணனோட முக்காலிங்க," என்று சுகந்தி என் காதில் சொன்னாள்.

விஷயம் எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. போன பொங்கலிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதில்லை. ஒரே காரில் வருகிறார்கள், ஒரே காரில் போகிறார்கள், ஒரே கேரியரில் இருந்து சாப்பிடுகிறார்கள். பேச்சு மட்டும் கிடையாது. காரணம் ஒரு பூ. வீட்டுக் கொல்லையில் புளியமரம் பூத்திருந்ததைப் பார்த்து, மஞ்சளில் சிவப்பு நரம்பு ஓடுகிற அந்தச் சின்னப் பூவை மரகதம் துண்டின் கரைக்கு வரைந்தார். டென்மார்க்கில் கிர்ஸ்டன் என்கிற அம்மாள் அதைப் பார்த்துச் சொக்கிப்போய் வருடத்துக்கே ஆர்டர் கொடுத்தார். பொருட்காட்சிக்குப் போட்ட புத்தகத்தில் அந்தக் கரைக்குக் கீழே 'வடிவமைப்பு: சென்னியப்பன்' என்று அச்சாகியிருந்தது. கம்பெனி பேரே அதுதானே, அதில் என்ன தப்பு என்பது அவர் கட்சி. 'கல்யாணத்துக்குப் பிறகு அந்த மனுஷருக்கு உதித்த ஒரே புது யோசனை என் யோசனைதான்' என்று அந்த அம்மா ஊழியர்கள் முன்னால் சொன்னார். அன்றோடு சரி.

அதற்குப் பிறகு பேச்சு பொங்கியண்ணன் வழியாக நடந்தது. அவர் அந்த அலுவலகத்தின் பழைய குமாஸ்தா. நடுவே முக்காலியில் உட்கார்ந்திருப்பார். இந்தப் பக்கத்திலிருந்து, 'அந்தக் கலரை மாடு கூடத் திரும்பிப் பார்க்காதுன்னு சொல்லுங்க' என்று வரும். அவர் அந்தப் பக்கம் திரும்பி, 'கலரைக் கொஞ்சம் அடர்த்தி பண்ணினாத் தேவலைங்களாம்' என்பார். பாதிப் பேச்சை அவர் கொண்டு சேர்ப்பதே இல்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவார். அவர் ஓய்வு பெற்று மகள் வீட்டுக்குத் தாராபுரம் போனதும், அந்த இடத்துக்கு ஆள் தேடியவர்கள் எங்கள் விளம்பரத்தைப் பார்த்திருக்கிறார்கள். 'நீங்கள் சொல்வதை அப்படியே கொண்டு சேர்க்கும்' என்று அதில் நான்தான் பெரிய எழுத்தில் போட்டிருந்தேன்.

நடுவில் ஆள் இல்லாமல் பேசுவதற்கு நம் ஊரில் ஒரு வழி உண்டு. சுவரைப் பார்த்துப் பேசுவது. 'யாராவது', 'சில பேர்', 'இந்த வீட்டுல' என்று ஆரம்பித்தால் போதும், போய்ச் சேர வேண்டியவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். சென்னியப்பனும் மரகதமும் அதில் கைதேர்ந்தவர்கள். அவர்கள் வாயில் இருந்து வந்த வாக்கியங்களில் பேர் இருக்காது. பேர் இல்லாத ஒவ்வொன்றையும் தூது எல்லாச் செயலிகளுக்கும் விநியோகித்தது.

நான் முக்காலியில் உட்கார்ந்தேன். வேறு நாற்காலி இல்லை. என்ன நடந்தது என்று ஐயாவைக் கேட்டேன். முந்தின நாள் மத்தியானம் தாம் சும்மா சாய்ந்து உட்கார்ந்து, எல்லாத்தையும் இழுத்து மூடிவிட்டுக் காசிக்குப் போய்விட்டால் நிம்மதி என்று சொன்னதாகச் சொன்னார். தறிச் செயலி தறிகளை நிறுத்தியது. மெயில் செயலி எல்லா வாடிக்கையாளருக்கும் எழுதியது. பயணச் செயலி டிக்கெட் போட்டது. எதுவுமே ஒன்றை ஒன்று கேள்வி கேட்கவில்லை. மெயிலை அவர் எனக்குக் காட்டினார். 'எங்கள் நிறுவனத்தை இழுத்து மூடுகிறோம். நிறுவனர் காசிக்குச் செல்கிறார். காரணம்: நிம்மதி' என்று இருந்தது.

மரகதம் எதிர்ச் சுவரில் இருந்த முருகன் காலண்டரைப் பார்த்துப் பேசினார்.

"ஒரே ஒரு டிக்கெட்டு. முப்பது வருஷம் கூட இருந்தவளுக்கு ஒரு டிக்கெட்டு கூடப் போடத் தோணலை. முருகா, சில பேருக்குக் கூச்சங்கறதே இருக்காதா?"

என் இரண்டு பக்கமும் திரைகள் கண் விழித்தன. கணக்குச் செயலி, 'சில பேர்' என்ற பெயரில் கணக்கு இல்லை என்றது. நாட்குறிப்புச் செயலி, 'கூச்சம்' பற்றி எப்போது நினைவூட்ட வேண்டும் என்று கேட்டது. மெயில் செயலி ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து நிமிடத்தில் போன் அடித்தது. சாயப்பட்டறை முருகன். நான் என்னங்க தப்புப் பண்ணினேன், கூச்சம் இருக்கான்னு கேட்டு அம்மா மெயில் போட்டிருக்காங்களே என்று அழாத குறையாகக் கேட்டார்.

அவரைச் சமாதானப்படுத்திவிட்டு, ஆரோக்கியராஜைப் பார்த்தேன். அவன் ஜன்னல் வழியாக டீக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிரிக்கலாம்தான். ஆனால் அன்று காலை டென்மார்க்கில் இருந்து பதில் வந்திருந்தது. கிர்ஸ்டன் அம்மாளுக்குப் போனது மூடுவிழா மெயிலோடு நிற்கவில்லை. அதற்கு முன்தினம் ஒருவர், 'நடுவுல ஒரு கோடு போட்டுட்டா இந்தத் தொல்லை இருக்காது' என்று சொல்லியிருக்கிறார். யார் என்று இருவருமே சொல்லவில்லை. டிசைன் செயலி புளியம்பூக் கரையின் நடுவே தடிமனாக ஒரு கறுப்புக் கோட்டைப் போட்டது. மெயில் செயலி அதை மாதிரிக்கு அனுப்பி வைத்தது. அந்த அம்மாள் கோபமாகவே எழுதியிருந்தார். இன்று மாலை வீடியோவில் வருகிறேன், கரையின் அசல் படத்தைக் காட்டுங்கள், தறி ஓடுவதைக் காட்டுங்கள், இல்லையென்றால் ஆர்டரை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுகிறேன் என்பது சாரம். அந்த ஆர்டர் போனால் தறிகளை நிறுத்த மென்பொருள் தேவையில்லை. டீக்கடையில் நிற்கிற அத்தனை பேருக்கும் நாளைக்கு நிற்க வேறு இடம் இருக்காது.

"தூதைக் கழட்டிப் போட்டுடலாமா?" என்று ஆரோக்கியராஜிடம் கேட்டேன்.

"கழட்டலாம். செயலிங்க ஒண்ணையொண்ணு மறந்துடும். திரும்பப் பழக்க ஒரு வாரம் ஆகும்," என்றான். "விதியை வேணா மாத்தறேன். பேர் சொல்லலைன்னா யாருக்குன்னு கேட்கும். பேர் சொன்னாத்தான் வேலை நடக்கும். ஒரு மணி நேரம் குடு."

"எந்தப் பேரை?"

"ஒவ்வொரு கம்ப்யூட்டரும் யார் பேர்ல பதிவாகியிருக்கோ அந்தப் பேர். இது சென்னியப்பன். அது மரகதம்."

சென்னியப்பன் தொண்டையைச் செருமினார். மரகதம் சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டார். சுகந்தி என்னை இழுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய் விளக்கினாள். ஐயா அம்மாவை 'இந்தா' என்பார், நல்ல நாளில் 'ஏ அம்மிணி' என்பார். அம்மா ஐயாவை 'ஏனுங்க' என்பார். சண்டைக்கு முன்னாலும் அப்படித்தான். ஐயா வாயால் அம்மா பேரை இந்த ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. அம்மா வாயால் ஐயா பேர் வருவதாவது, கோயிலில் அர்ச்சனைக்குக் கூட ஒரு சீட்டில் எழுதித்தான் நீட்டுவார்.

"அப்ப எப்படி வேலை நடக்கும்?" என்றேன்.

"அதைத்தானுங்க நானும் கேக்கறேன்," என்றாள் சுகந்தி.

ஆரோக்கியராஜ் மடிக்கணினியைத் திறந்து விதியை மாற்ற ஆரம்பித்தான். நான் முக்காலிக்குத் திரும்பினேன். மத்தியானம் ஏறிக்கொண்டிருந்தது. மரகதம் நெற்றியை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டு காலண்டரைப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

"காலையில இருந்து தலைவலி. யாராவது ஒரு வாய் காப்பி வேணுமான்னு கேட்டா என்ன குறைஞ்சா போயிரும்?"

பழைய விதி இன்னும் உயிரோடு இருந்தது. இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒன்றன் பின் ஒன்றாக ஜன்னல்கள் திறந்தன. மெயில்: மன்னிக்கவும், இந்த வேலை எனக்கு இயலாது. கணக்கு: இயலாது. டிசைன்: இயலாது. தறி: இயலாது. பயணச் செயலி மட்டும் ரயிலில் காப்பிக்குப் பதிவு செய்யட்டுமா என்று கேட்டது. சென்னியப்பன் தம் திரையில் வரிசையாக வந்த அத்தனை 'இயலாது'வையும் படித்தார். நாற்காலியில் இருந்து பாதி எழுந்தார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அந்த மனிதர் மேல் கோபம் கோபமாக வந்தது.

மாலையில் கிர்ஸ்டன் திரையில் வந்தார். நரைத்த முடி, கழுத்தில் நம்முடைய துண்டு ஒன்றையே மப்ளராகச் சுற்றியிருந்தார். அவர் டேனிஷில் பேச, மொழிபெயர்ப்புச் செயலி அதை மேடைத் தமிழில் முழங்கியது.

"வணக்கம் திருவாளர் சென்னியப்பன் அவர்களே. தாங்கள் துறவறம் மேற்கொள்வதாக அறிந்தேன். வருத்தமும் வாழ்த்துகளும்."

சென்னியப்பன் கும்பிட்டு, துறவறமெல்லாம் இல்லை, அது மெஷின் செய்த கோளாறு என்று விளக்கினார். அந்த அம்மாள் தலையாட்டினார். அப்படியானால் புளியம்பூவின் அசலைக் காட்டுங்கள் என்றார்.

அங்கேதான் வண்டி நின்றது. வீடியோ ஓடுவது ஐயா கம்ப்யூட்டரில். அவரிடம் இருக்கிற படத்தில் நடுவே கறுப்புக் கோடு. கோடு விழாத அசல், வரைந்தவர் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. மேற்கிலிருந்து அது கிழக்குக்கு வர வேண்டும். ஆரோக்கியராஜ் போட்டு முடித்திருந்த புது விதிப்படி, ஒன்று, அவர் அந்த அம்மாவின் பேரைச் சொல்லிக் கேட்க வேண்டும். அல்லது அந்த அம்மா இவர் பேரைச் சொல்லி அனுப்ப வேண்டும். மரகதம் கையைக் கட்டிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். அனுப்புகிற எண்ணம் அவர் முகத்தில் தெரியவில்லை.

என் கைப்பையில் பென்டிரைவ் இருந்தது. எழுந்து நாலு எட்டு வைத்தால் படம் வந்துவிடும். ஆரோக்கியராஜ் என் பையைப் பார்த்தான். நான் பையை மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.

"அந்தப் புளியம்பூப் படத்தைக் காட்டோணும்," என்றார் சென்னியப்பன், பொதுவாக.

"யாருக்குக் கட்டளை?" என்றது தூது. ஆரோக்கியராஜ் அதற்குக் கொடுத்திருந்த குரல் கணீரென்று இருந்தது.

"அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு."

"யாருக்கு?"

"அதான், இவங்களுக்கு. நம்ம வீட்டுல."

"யாருக்கு?"

சென்னியப்பனின் வழுக்கை வியர்த்தது. டென்மார்க்கில் அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னால் சாய்ந்தார். மொழிபெயர்ப்புச் செயலி ஒவ்வொரு 'யாருக்கு'வையும் விடாமல் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன்.

"பெரியவனோட அம்மாவுக்கு," என்றார்.

"பெரியவனோட அம்மா என்ற பெயரில் யாரும் இல்லை. யாருக்கு?"

ஜன்னலுக்கு வெளியே டீக்கடைக் கூட்டம் முழுவதும் வராந்தாவுக்கு வந்து நின்றது. சுகந்தி கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சென்னியப்பன் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார். கடைசியில் திரும்பி மேற்கு மேஜையைப் பார்த்தார். பொங்கலுக்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் நேராகப் பார்த்தது அப்போதுதான் என்று பின்னால் சொன்னார்கள்.

"மரகதம்," என்றார். "உன்ற படத்தைக் கொஞ்சம் காட்டு."

திரையில் புளியம்பூ விரிந்தது. மஞ்சளும் சிவப்பும், கோடு இல்லாமல். கிர்ஸ்டன் அம்மாள் ஏதோ சொன்னார். "ஆகா, இதுவே இதுவே. இஃது யாருடைய கைவண்ணம்?" என்றது செயலி.

"மரகதம் போட்டதுங்க," என்றார் சென்னியப்பன். ஒரு தடவை சொல்லிவிட்ட பிறகு வாய்க்கு அது எளிதாக வந்தது போலிருக்கிறது. "என்ற சம்சாரம். புஸ்தகத்துல என் பேர் இருக்குது. அது தப்புங்க. இவ பேருதான் இருந்திருக்கோணும்."

செயலி அதை டேனிஷில் சொன்னது. அது சொல்லி முடிக்கும்வரை மரகதம் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிய கை அவிழ்ந்திருந்தது.

அடுத்தது தறி. ஆர்டர் விவரம் அம்மாவின் கணக்கில் இருந்தது, தறியை ஓட்டும் செயலி ஐயாவின் கம்ப்யூட்டரில் இருந்தது. இப்போது கட்டளை மேற்கிலிருந்து வர வேண்டும். அறையில் எல்லாரும் அந்த அம்மாவைத்தான் பார்த்தோம். அவர் முகம் சிவந்துவிட்டது. சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார், சாமி கும்பிடுவது போல் கண்ணை மூடிக்கொண்டார். ஒரே மூச்சில் சொன்னார்.

"சென்னியப்பன். மன்னிச்சுக்கோங்க. தறியை ஓட்டுங்க."

"சரி," என்றது கம்ப்யூட்டர்.

"என்ன மரகதம்?" என்றார் சென்னியப்பன், அதே நொடியில், நாற்காலியில் இருந்து எழுந்து நின்று.

பின்கட்டில் தறிகள் ஒவ்வொன்றாக ஆரம்பித்தன. சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கிர்ஸ்டன் அம்மாள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார், ஆர்டர் உங்களுக்கே என்று கையாலேயே காட்டிவிட்டுத் திரையில் இருந்து மறைந்தார். வராந்தாவில் ஒரே ஆரவாரம். ஆனால் அந்த இரண்டு பேரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர் நின்றபடியே இருந்தார்.

"ஒண்ணுமில்லீங்க," என்றார் மரகதம் கடைசியில். "ஒரு வாய் காப்பி குடிச்சாத் தேவலை."

"யாருக்குக் கட்டளை?" என்றது தூது.

"நீ கம்முன்னு இரு," என்று அதனிடம் சொல்லிவிட்டு, செருப்பைக் கூட மாட்டாமல் சென்னியப்பன் ரோட்டைத் தாண்டிப் போனார். தமக்கு ஒன்று, அந்த அம்மாவுக்கு ஒன்று என்று இரண்டு டம்ளரை அவரே ஏந்திக்கொண்டு வந்தார். எனக்கும் ஆரோக்கியராஜுக்கும் யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை.

திரும்பி வரும்போது ஆரோக்கியராஜ், பேர் கட்டாயம் என்கிற விதியை எல்லா ஊருக்கும் போட்டுவிடலாம் என்றான். நானும் சரி என்றேன். மனிதர்கள் பேசுவதில் வேலைக்கானது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் ஆற்றாமைக்குப் பேசுவது, அதைப் போய் நிறைவேற்றி வைக்கிற மெஷின் யாருக்கு வேண்டும் என்று அவனுக்கு வெள்ளகோவில்வரை பாடம் எடுத்தேன். அவன் பாட்டைச் சத்தமாக வைத்துவிட்டான்.

ஆடி மாதம் சுகந்தி மறுபடி போன் செய்தாள். என்ன ஆயிற்று, மறுபடியும் பேச்சு நின்றுவிட்டதா என்று கேட்டேன்.

"அய்யோ, அதில்லீங்க அக்கா. பேச்சு தாங்கலைங்க. மூக்குக் கண்ணாடி எங்கன்னு கேக்கறதுக்கு ஐயா மரகதம்ங்கறாரு. கலர் எப்படி இருக்குதுன்னு மரகதம்ங்கறாரு. ஒண்ணுமே இல்லாட்டியும் மரகதம்ங்கறாரு. சண்டை வேற போடறாங்க, நேருக்கு நேராவே. காசிக்கு ரெண்டாவது டிக்கெட் போட்டிருக்குதுங்க, அது இன்னும் வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்குதுன்னு அதுக்கும் ஒரு சண்டை."

நல்லதுதானே, அப்புறம் என்ன பிரச்சினை என்றேன்.

"அவரு கூப்பிடற ஒவ்வொரு தடவையும் அம்மாவோட கம்ப்யூட்டர் முழிச்சுக்குதுங்க. அது பேரும் மரகதம்தானுங்களே. சொல்லுங்கள், என்ன வேலைன்னு கேக்குது. நாள் பூராவும் இதே ரோதனை. வேற பேரு மாத்திக் குடுக்கணுமாமுங்க."

மாற்றுவது சுலபம், என்ன பேர் வைக்கட்டும் என்று கேட்டேன். சுகந்தி திரும்பி யாரையோ கேட்டாள். போன் கை மாறியது. மரகதம் அம்மாவின் குரல்.

"பொங்கியண்ணன்னு வெச்சிரு கண்ணு. அவரா இருந்தாப் பாதியக் காதுல போட்டுக்க மாட்டாரு. என்ற பேரை மட்டும் அதுகிட்ட இருந்து வாங்கிக் குடுத்துரு. இத்தனை வருஷங்கழிச்சு இப்பத்தான் புழக்கத்துக்கு வந்திருக்குது."

சரி என்று சொல்வதற்குள், அறையின் அந்தக் கோடியில் இருந்து சென்னியப்பனின் குரல் கேட்டது. மரகதம், என்றார். சொல்லுங்கள், என்ன வேலை, என்று கணீரென்று கேட்டது மெஷின்.

"நீ சும்மா இரு," என்றார் அந்த அம்மா, அதனிடம். "என்னையக் கூப்பிடறாரு."